வடக்கே ஏவுகணை, தெற்கே மகள்

1

"அம்மா, இந்தக் கிழமை இஞ்சை ஒரே போர்."

தென் கொரியாவிலிருந்து எங்கள் மகள் ஆரணி அனுப்பிய குரல்பதிவின் முதல் வசனம் இது. அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாள் என்று என் மனைவி சுகிர்தா கேட்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு வெளியே ஓடி வந்து, வேலைக்குப் போக லிப்டுக்காக நின்றுகொண்டிருந்த என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, அங்கை தொடங்கிட்டுதாம்."

"என்ன தொடங்கிட்டுது?"

"சண்டை. பிள்ளை சொல்லுறாள்."

வட கொரியா ஏவுகணை ஏவியது, அடுத்து அணுகுண்டுச் சோதனை செய்யக்கூடும் என்று நோர்வேத் தொலைக்காட்சி அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. தொலைபேசியை வாங்கி மிச்சத்தையும் கேட்டேன்.

"யார்டில லீவு விட்டிட்டாங்கள். எங்கையும் போகேல்லை. நித்யாவும் நானும் படம் பாத்துப் பாத்தே களைச்சுப் போனம். செம போர் அம்மா."

நித்யா அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் பெண், திருநெல்வேலிக்காரி, ஆரணி வேலை செய்யும் கப்பல் கட்டும் தளத்திலேயே பொறியியலாளர். எங்கள் வீட்டில் சலிப்புக்கு 'அலுப்பு' என்போம். பேச்சில் யுத்தத்தைச் 'சண்டை' என்போம். 'போர்' என்பது பத்திரிகையிலும் மேடையிலும் மட்டும் வரும் சொல். நோர்வேயில் பிறந்து, எங்களிடம் யாழ்ப்பாணத் தமிழ் கற்ற பிள்ளை, கொரியாவில் ஒரு திருநெல்வேலிப் பெண்ணிடமிருந்து சலிப்பைக் குறிக்கும் இந்த ஆங்கிலச் சொல்லைப் பொறுக்கி வைத்திருக்கிறாள்.

நான் சிரித்துவிட்டேன். சுகிர்தா சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் எனக்குத் தொலைபேசி எடுத்து, "நான் பிள்ளையைத் திருப்பிக் கூப்பிடப்போறன்" என்றாள். நான் பஸ் ஓட்டுபவன். கடைசித் தரிப்பிடத்தில் பஸ்ஸை நிறுத்தி வைத்துக்கொண்டு அதைக் கேட்டேன். அவளுடைய குரலில் கோபம் இல்லை. தீர்மானித்துவிட்ட குரல் அது.

2

ஊரில் இருப்பவர்கள் என்னிடம் கேட்பதுண்டு: நோர்வேயில் உங்களுக்கு என்ன குறை? பெரிதாகக் குறை இல்லை என்பதுதான் உண்மை. தலைநகரின் ஓரத்தில் உள்ள எல்லிங்ஸ்ருட்டில் இந்த வீட்டுக்கு நாங்கள் வந்தபோது ஆரணி தவழ்ந்துகொண்டிருந்தாள். சமையலறை யன்னலைத் திறந்தால் காடு. குளிர்காலத்தில் அதற்குள் சறுக்கிப் போகிறார்கள், கோடையில் நான் புளூபெரி பிடுங்கப் போகிறேன். சுகிர்தா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். இரண்டு பேரும் வேலை முடிந்து வந்து சோறு சமைத்துச் சாப்பிட்டு, செய்தி பார்த்துவிட்டு நித்திரைக்குப் போகிறோம். இப்படி ஒரு வாழ்வு கிடைக்கும் என்று கொழும்பில் லொட்ஜ் அறையில் விசாவுக்குக் காத்திருந்த நாட்களில் நான் நினைத்ததில்லை.

ஆரணி துரொந்தைமில் கப்பல் பொறியியல் படித்தாள். நோர்வேக் கப்பல்கள் பல கொரியாவில் கட்டப்படுகின்றன. கட்டும்போது வாங்குபவர் சார்பில் நின்று மேற்பார்வை செய்ய ஆட்கள் போவார்கள். அந்த வேலை அவளுக்குக் கிடைத்தபோது, இதே சமையலறையில்தான் எங்களிடம் சொன்னாள்.

"அங்கை வேண்டாம்," என்றாள் சுகிர்தா.

"ஏனம்மா?"

"அங்கை சண்டை வரும்."

"எழுபது வருசத்துக்கு மேலை அங்கை சண்டை இல்லை அம்மா."

"எங்களுக்கும் முதல் நாள் வரைக்கும் சண்டை இல்லைத்தான்."

ஆரணி என்னைப் பார்த்தாள். நான் இரண்டு பேரையும் பார்க்காமல் கறிக்குள் உப்புப் போட்டேன். போருக்குத் தப்பி ஓடி வந்தவர்கள் பெற்ற பிள்ளை, போர் வரக்கூடிய நாட்டைத் தேடிப் போய் வேலை எடுத்தது எனக்கும் உள்ளுக்குள் குத்தியது. ஆனால் அவள் கண்ணில் இருந்த சந்தோசத்தைப் பார்த்த பிறகு மறிக்க மனம் வரவில்லை.

அவள் போன பிறகு சுகிர்தா அந்த நாட்டைப் படிக்கத் தொடங்கினாள். வேலை முடிந்து வந்ததும் செய்தி. எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் போகும், எது கடலில் விழுந்தது, எது வானத்திலேயே உடைந்தது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தொலைக்காட்சியில் வரும் நிபுணர்களின் உடுப்பைக்கூடக் கவனித்தாள்.

"இண்டைக்கு வந்தவர் கழுத்துப்பட்டி கட்டேல்லை. அவசரமாக் கூப்பிட்டிருக்கிறாங்கள். அப்ப ஏதோ இருக்கு."

அவளுடைய பயத்தில் பிழை சொல்ல எனக்கு வழியில்லை. எங்களுக்குத் தெரிந்த யுத்தத்தில் ஒளிக்க ஓர் இடம் இருந்தது. பனங்குற்றி அடுக்கி, மண்மூடை போட்டு, பதுங்குகுழிக்குள் இருந்து பிளேன் சத்தம் போகும்வரை காத்திருக்கலாம். அணுகுண்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. வெளியே யாரும் போக முடியாத, உள்ளே யாரும் வர முடியாத ஒரு நாடு, ஒரே ஒரு மனிதனின் சொல், அவன் கையில் அந்தக் குண்டு. அவன் காலையில் எந்த மனநிலையில் எழும்புகிறானோ என்று எல்லிங்ஸ்ருட்டில் ஒரு தாய் யோசித்துக்கொண்டிருந்தாள்.

3

அயோடின் குளிசை வாங்க வேண்டும் என்று சுகிர்தா ஒரு சனிக்கிழமை என்னை மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனாள். கதிர்வீச்சு வந்தால் கழுத்துச் சுரப்பியைக் காப்பாற்றும் குளிசை அது. இப்போது நோர்வேயில் வீட்டில் வைத்திருக்கச் சொல்கிறார்கள். தண்ணீர், டோர்ச், தகரத்தில் அடைத்த சாப்பாடு எல்லாம் சேர்த்து வைக்கும்படி அரசாங்கம் வீட்டுக்கு வீடு சிறுபுத்தகமும் அனுப்பியது. அதைப் படித்துவிட்டு நோர்வேக்காரர் கடைக்கு ஓடினார்கள். எங்கள் களஞ்சிய அறையில் அரிசி மூடையும் பருப்பும் மெழுகுதிரியும் நாங்கள் இங்கே வந்த வருடத்திலிருந்து இருக்கின்றன.

மருந்துக்கடைப் பெண் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "இது நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத்தான் முக்கியம்," என்றாள்.

"எங்களுக்கில்லை, மகளுக்கு," என்றாள் சுகிர்தா. "அவள் கொரியாவில் இருக்கிறாள்."

அந்தப் பெண் பெட்டியை எடுத்து வந்து, எப்படிப் போட வேண்டும் என்று இரண்டு தரம் விளக்கினாள். குளிசையைப் பயத்தம் பணியாரப் பொட்டலத்துக்குள் வைத்து, கொரியா திரும்பிய நோர்வேப் பொறியியலாளர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினோம். பணியாரம் நல்லாயிருக்கு என்று ஆரணி எழுதினாள். குளிசையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வெளிநாட்டமைச்சுக்குத் தொலைபேசி எடுத்தது என் பங்கு. எழுதி வைத்துப் பயிற்சி செய்துவிட்டுத்தான் எடுத்தேன். மறுபக்கத்தில் ஓர் இளைஞர். நான் நோர்வேஜிய மொழியில் தெளிவாக, "என் மகள் வட கொரியாவில் வேலை செய்கிறாள்," என்றேன்.

அவர் மிக மெதுவாகக் கேட்டார். "மன்னிக்கவும், அவர் அங்கே எப்படிப் போனார்?"

"விமானத்தில்."

"யாருடைய அனுமதியில்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. 'தெற்கு' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'வடக்கு' என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் நாட்டின் வடக்கில் பிறந்து, அன்றிலிருந்தே வடக்கான் என்று அழைக்கப்பட்டவன் நான். எந்த நாட்டைப் பற்றிப் பேசினாலும் என் நாக்கு வடக்கைத்தான் தொடுகிறது. திருத்திச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

தென் கொரியாவுக்குப் பயண எச்சரிக்கை ஒன்றும் இல்லை என்றார். மகள் பயணப் பதிவுச் செயலியில் பெயரைப் பதிந்தால் நல்லது என்றார்.

"சண்டை வந்தால்?"

"நிலைமை மாறினால் பதிந்தவர்களுக்கு அறிவிப்போம்."

"அறிவிக்க நேரம் இருக்குமா?"

"அது எனக்குத் தெரியாது," என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. ஊரில் இருந்த காலம் முழுக்க, அரச கதிரையில் இருந்த யாரும் எனக்குத் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

4

எங்களுக்கு மேல்மாடியில் மாரித் இருக்கிறாள். ஐம்பது வயது, பாடசாலை ஆசிரியை, தனியாக வாழ்பவள். முகத்தைப் பார்த்தால் கொரியப் பெண். கைக்குழந்தையாக இருந்தபோது நோர்வேத் தம்பதி தத்தெடுத்து வந்தார்கள். சுகிர்தா அவளை மாரி என்றே கூப்பிடுவாள். அதில் ஒரு தமிழ்ப் பெயர் இருப்பது மாரித்துக்கும் தெரியும், பிடிக்கும்.

ஆரணி தன் ஒப்பந்தத்தை நீட்டித்து இரண்டாவது கப்பலையும் எடுக்கப் போகிறாள் என்ற செய்தி வந்த நாள், சுகிர்தா எழும்பி மேல்மாடிக்குப் போனாள். நான் பின்னால் போனேன். மாரித் கதவைத் திறந்ததும் சுகிர்தா கேட்ட கேள்வி இதுதான்.

"மாரி, உங்கள் நாட்டில் சண்டை வருமா?"

மாரித் விளங்காமல் நின்றாள். "நோர்வேயிலா?"

"இல்லை. கொரியாவில்."

மாரித் சிரித்தாள். "சுகிர்தா, நான் இந்த நோர்வேயின் தூத்தென் கிராமத்துக்காரி. உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வளர்ந்தவள். கொரியாவைப் பற்றி உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது."

ஆனாலும் எங்களை உள்ளே கூப்பிட்டுக் கோப்பி ஊற்றினாள். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு நின்றுவிட்டது. புசான் என்ற துறைமுக நகரில் பிறந்ததாக மட்டும் அவளுக்குத் தெரியும். வருடாவருடம் போக நினைப்பாள், வருடாவருடம் தள்ளிப் போடுவாள்.

"செய்தியில் அந்தப் பெயரைக் கேட்டால் தொலைக்காட்சியை நிறுத்திவிடுவேன்," என்றாள். "நான் போவதற்கு முன் ஒருநாள் அந்த ஊர் இல்லாமல் போய்விடும் என்று பயம். போய்ப் பார்க்கவும் பயம். இரண்டு பயமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு என்னை இந்தக் கதிரையிலேயே இருத்தி வைத்திருக்கின்றன."

சுகிர்தா அந்த மேசையிலிருந்தே ஆரணிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"பிள்ளை, நான் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வாறன்."

"வாங்கோ அம்மா," என்றாள் ஆரணி. "நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. வந்து பாத்திட்டுச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகும் வா எண்டால் கதைப்பம்."

தமிழில் நடந்த பேச்சு மாரித்துக்கு விளங்கவில்லை. ஆனால் என்ன முடிவாயிற்று என்று முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "நானும் வரலாமா?" என்று கேட்டாள்.

கோடை விடுமுறையை நான் ஏற்கெனவே முடித்துவிட்டேன். மாரித் பாடசாலையில் விடுப்பு எடுத்தாள். ஆகஸ்ட் கடைசியில் இரண்டு பெண்களையும் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். ஒருத்தி மகளைத் திருப்பிக் கூட்டி வரப் போனாள். மற்றவள் எதற்காகப் போகிறாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. அன்றைக்கு வீட்டில் எல்லா அறையிலும் லைற்றைப் போட்டுவிட்டு இருந்தேன்.

5

எனக்குக் காலை, அவர்களுக்குப் பின்னேரம். கோப்பியோடு நான் தொலைபேசியின் முன் இருப்பேன்.

முதல் அழைப்பு புசான் மீன்சந்தையிலிருந்து வந்தது. சுகிர்தாவின் முகத்தை அவ்வளவு வெளிச்சமாய்ப் பார்த்து நாளாயிற்று. "இஞ்சேருங்கோ, கணவாயைப் பாருங்கோ. உயிரோடை. நண்டு ஒவ்வொண்டும் உங்கடை கையளவு." பின்னால் ஒரு மீன்காரி மாரித்தைப் பிடித்து ஏதோ ஏசிக்கொண்டிருந்தாள். ஆரணி சிரித்துச் சிரித்து மொழிபெயர்த்தாள். கொரிய முகத்தை வைத்துக்கொண்டு கொரிய மொழி ஏன் பேசவில்லை என்று ஏச்சாம். தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளை என்று ஆரணி விளக்கியதும், அந்த மனுசி ஏச்சை நிறுத்திவிட்டு, றப்பர்க் கையுறையைக் கழற்றி, மாரித்தின் கன்னத்தைத் தடவினாள். பிறகு ஒரு பொதி நெத்தலிக் கருவாட்டை அவள் கைக்குள் திணித்தாள். மாரித் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றதை நான் திரையில் பார்த்தேன்.

சில நாள் கழித்து வந்த அழைப்பில் முகம் வேறாக இருந்தது. அழைத்தது சுகிர்தா இல்லை, நித்யா.

"அங்கிள், பயப்படாதீங்க. ஒண்ணும் இல்ல. இன்னைக்கு இங்க சைரன் டிரில். ஆன்ட்டிகிட்ட முன்னாடியே சொல்ல மறந்துட்டோம். கொஞ்சம் பயந்துட்டாங்க."

நடந்ததைப் பிறகு ஆரணி சொன்னாள். நாலு பேரும் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது சங்கு ஊதியது. சுகிர்தா ஒரு கையில் ஆரணியையும் மறு கையில் மாரித்தையும் பிடித்து, நிலக்கீழ் ரயில் நிலையப் படிக்கட்டால் கீழே இழுத்துக்கொண்டு போனாள். கீழே போனதும் இரண்டு பேரையும் சுவரோடு இருத்தி, அவர்களுக்கு மேலே தான் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் ஆறுதலாகப் படியிறங்கி வந்து, நின்று தொலைபேசி பார்த்தார்கள். அங்கே கடை வைத்திருந்த ஒருவர் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

"அம்மா, இது ஓவெல்ச. பயிற்சி," என்று ஆரணி திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். அவசரத்தில் நோர்வேஜியச் சொல்தான் வாயில் வந்தது.

"எனக்கும் தெரியும் பிள்ளை," என்றாளாம் சுகிர்தா. "உடம்புக்குத்தான் தெரியேல்லை."

தாயை அப்படி ஆரணி அன்றுதான் முதன்முதலில் பார்த்தாள். பிறந்தநாள் வீடுகளில் நாங்கள் சண்டைக் கதைகளைப் பகிடியாகச் சொல்லிச் சிரிப்பதைத்தான் அவள் கேட்டு வளர்ந்தாள். பதுங்குகுழிக்குள் கோழி முட்டையிட்ட கதை, சோற்றுப்பானையோடு ஓடிய கதை. அன்று சங்கு நின்ற பிறகும் தாயும் மகளும் அந்தச் சுவரோடு இருந்தார்கள். நித்யாவும் மாரித்தும் தேத்தண்ணி வாங்கப் போனார்கள்.

"அம்மா, நீங்கள் எனக்கு இதை ஒருநாளும் சொன்னதில்லை."

"சொல்ல என்ன கிடக்கு?"

"சொல்லுங்கோ."

சுகிர்தா சொன்னாள். தங்கை செல்வி, அவளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வரப் போன மத்தியானம், குண்டு போடப் பிளேன் திரும்பி வந்தது, தான் எட்டிப் பிடிக்கு முன் அந்தப் பிள்ளை வெட்டைக்குள் ஓடியது. எனக்கே கலியாணமாகி நெடுங்காலத்துக்குப் பிறகுதான் சொன்ன கதை. ஆரணிக்குத் தமிழில் சில சொற்கள் விளங்கவில்லை. 'வெட்டை' என்றால் என்ன என்று கேட்டாள். "ஒளிக்க ஒண்டும் இல்லாத இடம்," என்றாள் தாய்.

"அம்மா," என்று ஆரணி அதற்குப் பிறகு சொன்னாள், "நீங்கள் இப்பவும் வா எண்டால் நான் வாறன். சத்தியமா வாறன்."

அதை ஆரணி எனக்குச் சொன்னபோது, மகள் கட்டாயம் வரப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவளுடைய அறையைத் தூசு தட்டிக் கட்டிலுக்கு விரிப்பும் போட்டு வைத்தேன்.

6

எப்படி முடிந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுகிர்தாவும் மாரித்தும் வந்துவிட்டார்கள். ஆரணி வரவில்லை. இரண்டாவது கப்பலுக்கு இரும்பு வெட்டத் தொடங்கிவிட்டார்களாம். மாரித் செவ்வாய்க்கிழமைகளில் கொரிய மொழி படிக்கப் போகிறாள். தன்னைப் பெற்ற தாயைத் தேடுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. கன்னத்தைத் தடவிய அந்த மீன்காரியைப் பார்க்க அடுத்த கோடையில் போவாள். சுகிர்தா இப்போதும் செய்தி பார்க்கிறாள், ஆனால் ஏவுகணையின் தூரத்தைக் கணக்குப் பார்ப்பதில்லை. வட கொரியாவில் நெல் விளைந்ததா, மழை பெய்ததா என்று கேட்கிறாள். அதை யாரும் செய்தியில் சொல்வதில்லை.

அவள் மனம் எங்கே மாறியது என்பதற்கு நான் அறிந்த ஒரே சாட்சி, அவர்கள் திரும்புவதற்கு முன் வந்த ஓர் அழைப்புத்தான். ஆரணி அவர்களை எல்லைக்குக் கூட்டிப் போயிருந்தாள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் மேட்டில் ஒரு கட்டடம். அங்கே காசு போட்டுப் பார்க்கும் தூரநோக்கிகள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வட கொரியா.

திரையில் முதலில் சுகிர்தாவின் முதுகுதான் தெரிந்தது. தூரநோக்கியில் கண்ணை வைத்திருந்தாள். ஆரணி தொலைபேசியைப் பிடித்திருந்தாள்.

"அம்மா, அப்பா லைனில நிக்கிறார்."

"பொறு," என்றாள் சுகிர்தா, கண்ணை எடுக்காமல். "இஞ்சேருங்கோ, அங்கை ஒரு மனுசி நிக்கிறா."

"எங்கை?"

"அங்காலை. வடக்கில. நிலத்தில சிவப்பாய் ஏதோ காயப்போட்டிருக்கிறா. செத்தல் மிளகாய் போலைதான் கிடக்கு. குனிஞ்சு குனிஞ்சு புரட்டுறா."

ஊரில் சுகிர்தாவின் வீட்டுக்கு முன்னால் இருந்த வெட்டையின் மறுகரையில் ஆமிக் காவலரண் இருந்தது. அதில் நின்றவர்களின் தூரநோக்கிக் கண்ணாடி வெயிலில் மினுங்குவதை அவள் சொல்லியிருக்கிறாள்.

"நாங்களும் இப்பிடித்தான் மிளகாய் காயப்போட்டனாங்கள்," என்றாள். "அவங்களும் இப்பிடித்தான் பாத்திருப்பாங்கள். பாத்திட்டு என்ன நினைச்சிருப்பாங்கள்? வடக்கு ஆக்கள், பொல்லாத ஆக்கள் எண்டு நினைச்சிருப்பாங்கள். நானும் அப்பிடித்தானே இவ்வளவு நாளும் அந்தப் பக்கத்தை நினைச்சுக்கொண்டிருந்தனான்."

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறியா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி வாய்க்குள்ளேயே நின்று எனக்கு அலுத்துவிட்டது.

"இல்லை. அவள் நிக்கட்டும். அவளுக்கு இஞ்சை வேலை இருக்கு, சந்தோசமா இருக்கிறாள். ஏதும் நடந்தால் அவளுக்கு ஓடி வர ஒரு வீடு இருக்கு, நாங்கள் இருக்கிறம். அந்த மனுசிக்கு எங்கை கிடக்கு? தலைவன் என்ன செய்யப் போறான் எண்டு அவவிட்டை ஆர் கேட்டது?"

டக் என்று ஒரு சத்தம். காசு முடிந்து தூரநோக்கி இருண்டுவிட்டது. மாரித் தன் கைப்பையைத் துழாவி இன்னொரு காசை எடுத்துப் போட்டாள். சுகிர்தா மறுபடியும் குனிந்தாள்.

"என்ன செய்யிறா?" என்று கேட்டேன். எனக்கும் அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"அண்ணாந்து வானத்தைப் பாக்கிறா. இப்ப மிளகாய்க்கு மேலை படங்கை இழுத்து மூடுறா, மழை வரப்போகுது போலை." சுகிர்தா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "ஓம், இஞ்சையும் தூறுது. நான் பிறகு எடுக்கிறன்."